கந்தப்பளை ஏற்றமும் கருகிய கிளட்சும்

கொழும்பு விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பெட்டிக்குள் கைவிட்டு எடுத்த முதல் பொருள் ஒரு பிஸ்டன். இரண்டு வேட்டிகளுக்கு நடுவே சுருட்டி வைத்திருந்தேன். அதிகாரி சின்னப் பெண். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, யாருக்குக் கொண்டுபோகிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். கந்தப்பளையில் ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்கு என்றேன். "அவரிடம் பழைய மோட்டார் சைக்கிள் இருக்கிறதா?" ஆமாம் என்றேன். "அவர் மனைவியை நினைத்தால் பாவமாக இருக்கிறது" என்று சொல்லிப் பிஸ்டனைத் திருப்பிக் கொடுத்தார்.

நான் திருச்சிக்காரன். ஒரு பாலிடெக்னிக்கில் முப்பது வருடம் பட்டறைப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். பழைய வண்டிப் பைத்தியங்கள் கூடும் செல்போன் குழு ஒன்றில்தான் சாமுவேல் அறிமுகமானார். கணக்கு வாத்தியார். அவர் ஓட்டுவது எழுபது வயதான ஓர் ஆங்கிலேய ஒற்றைச் சிலிண்டர் வண்டி. அவருடைய தேவாலயச் சபையில் முன்பு இருந்த ஒரு போதகர் விட்டுப்போனது. சபைக் கொட்டகையில் கிடந்ததைப் பாடம் நடத்தப் போய்வர, பெட்ரோல் செலவோடு இவருக்குக் கொடுத்திருந்தார்கள்.

இரண்டு மாதங்களுக்கு முன் அவரிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. "ஏத்தத்துல இழுக்கவே மாட்டேங்குதுங்க அண்ணே. கிக்கரை மிதிச்சா பஞ்சு மாதிரி இறங்குது. நீலப் புகையும் வருது." பின்னால் ஒரு நிமிடம் இன்ஜின் ஓடும் சத்தம். நான் சாய்வு நாற்காலியில் இருந்தபடியே தீர்ப்புச் சொன்னேன்: பிஸ்டன் போய்விட்டது, இன்ஜினை முழுசாகப் பிரித்துக் கட்டவேண்டும். சொன்னதோடு நிற்காமல், பிஸ்டனைத் தேடி வாங்கி, நானே கொண்டுவருகிறேன் என்றும் சொல்லிவிட்டேன். எனக்கும் இலங்கை மலையைப் பார்க்க ஒரு சாக்கு வேண்டியிருந்தது.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. அந்தச் சிலிண்டரை, தேய்மானம் போக ஏற்கெனவே பலமுறை உள்ளே குடைந்து அகலப்படுத்தியிருக்கிறார்கள். நான் கொண்டுபோனது கிடைப்பதிலேயே பெரிய பிஸ்டன். அதற்காக இன்னொரு முறை குடைந்தால் அதுதான் கடைசி. அதற்குமேல் சுவர் தாங்காது, மாற்றுச் சிலிண்டருக்கும் வழியில்லை. வேலை பிசகினால் வண்டி பழைய இரும்புதான்.

நானுஓயாவில் ரயிலிலிருந்து இறங்கியதும் குளிர் சட்டைக்குள் புகுந்தது. ஊட்டி, கொடைக்கானல் எல்லாம் போனவன் நான். மலை என்றால் எனக்குப் புதிதில்லை என்று நினைத்திருந்தேன். ஆனால் இங்கே ஒரு மலையின் அடி முதல் நுனி வரை, அடுத்த மலை, அதற்கடுத்த மலை என்று ஒரு முழம் இடம் விடாமல் மனிதக் கை பட்டிருக்கிறது. ஆடு ஏறத் தயங்கும் சரிவில்கூட தேயிலைச் செடி வரிசை பிடித்து நிற்கிறது. இத்தனையும் நம் பக்கத்திலிருந்து நடந்தும் படகேறியும் வந்தவர்கள் நட்டது என்று புத்தகத்தில் படித்திருக்கிறேன். நேரில் பார்த்தபோது அந்தப் புத்தகம் போதாது என்று தெரிந்தது.

பஸ்ஸில் நடத்துநர் சிங்களத்தில் கத்திக்கொண்டே இருந்தார். என்ன சொல்கிறார் என்று பக்கத்து இருக்கை அம்மாளைக் கேட்டேன். "உள்ள போங்க, உள்ள கிரிக்கெட் விளையாடலாம், அவ்வளவு இடம் இருக்குங்கிறான்" என்றார். என் முழங்காலில், வெங்காயத்தாள் போலிருக்கும் லீக்ஸ் காய்கறி மூட்டை, யாருடையதோ, உட்கார்ந்திருந்தது. அந்த அம்மாள் பேசியது துறையூரில் என் சித்தி பேசுவதைப் போலவே இருந்தது. கடல் தாண்டி வந்து சித்தி பேச்சைக் கேட்பேன் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

கந்தப்பளையிலிருந்து தோட்டத்துக்கு ஆட்டோ. முதல் இறக்கம் வந்ததும் ஓட்டுநர் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்துவிட்டார். சத்தமில்லாமல் வண்டி பாய்கிறது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். நான் கம்பியைப் பிடித்த பிடியில் கை வலித்தது. "பயப்படாதீங்க. பெட்ரோலுக்கு லைன்ல நின்ன காலத்துல பழகினது. இப்ப இறக்கம்னா கை தன்னால சாவிக்குப் போயிருது" என்றார். அடுத்த ஏற்றம் தொடங்கும் இடத்தில் சரியாக இன்ஜின் உயிர் பெற்றது. அந்தக் கணக்கு என்னை அசத்தியது.

சாமுவேல் ஒல்லியான மனிதர், நாற்பத்தைந்து வயதிருக்கும். பள்ளிக்கூட சட்டையோடு சாலைக்கே வந்து நின்றார். அவர் மனைவி ரோஸ்லின் தோட்டத்துத் தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்க்கிறார். அரைத்த கொழுந்தைப் பரப்பிப் பதம் பார்க்கும் பகுதி அவர் பொறுப்பு. இரவுச் சாப்பாட்டுக்குத் தேங்காய் ரொட்டியும், கட்டச் சம்பல் என்ற மிளகாய்த் துவையலும் வைத்தார். ஒவ்வொரு ரொட்டியும் என் உள்ளங்கைக் கனம். நான்கு தின்றுவிட்டு ஐந்தாவதை மரியாதைக்காக மறுத்தேன்.

வண்டியைக் காட்டுங்கள் என்றேன். "அது இங்க இல்லீங்க, கீழ ரோட்டோரக் கொட்டகையில நிக்குது" என்றார் சாமுவேல். ஏன் அவ்வளவு தூரத்தில்? ரோஸ்லின்தான் பதில் சொன்னார்.

"தேயிலைத் தூள் பக்கத்துல எந்த வாசம் இருந்தாலும் இழுத்துக்கும் அண்ணே. ஃபேக்டரிக்குள்ள பவுடர், செண்ட் எதுவும் போடக்கூடாது. பூ வைக்கக்கூடாது. கையில பெட்ரோல் வாசம் இருந்தா என்னை உள்ள விடமாட்டாங்க. என் மூக்கும் கெட்டுப்போகும். அதான் அந்த வண்டிக்கிட்ட நான் போறதே இல்ல. இவங்க வந்தாலும் குளிச்சிட்டுத்தான் உள்ள வரணும்."

மூக்குக்கு என்ன வேலை என்று கேட்டேன். "பச்சை வாசம் போயி பழ வாசம் வரும். அந்த நேரத்துல அடுப்புக்கு அனுப்பிடணும். ரெண்டு நிமிஷம் பிந்தினா அன்னைக்குத் தூள் அவ்வளவுதான்." கடிகாரம் இருக்குமே என்றேன். "கடிகாரத்துக்கு மழை பெய்யுறது தெரியாதே" என்றார்.

மறுநாள் முழுக்க மழை. மலையில் மழை பெய்வதில்லை, மழைக்குள் மலை இருக்கிறது. கொட்டகையில் நின்றபடி கிக்கரை மிதித்துப் பார்த்தேன். சாமுவேல் சொன்னது சரிதான், எதிர்ப்பே இல்லாமல் இறங்கியது. இன்ஜினுக்குள் அழுத்தம் இருந்தால் கால் இப்படி இறங்காது. ஏழெட்டு மிதியில் உயிர் பெற்றதும் நீலப் புகை கொட்டகையை நிறைத்தது. எல்லாம் நான் திருச்சியில் சொன்னபடியே இருந்ததில், சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குச் சந்தோஷம்தான். நுவரெலியாவில் ஒரு லேத் பட்டறைக்காரரிடம் பேசி நாளைக்கு மறுநாள் சிலிண்டரைக் குடைய நேரம் வாங்கினோம்.

மழைவிட்ட இடைவெளியில் சாமுவேல் மேலே கையைக் காட்டினார். "அந்த முகில் இருக்குல்ல, அதுக்குள்ளதான் தோட்டத்தோட மேல்டிவிஷன். நாலு மைல் ஏத்தம். பஸ் கிடையாது. பதினாலு பிள்ளைங்க இந்த வருஷம் ஓ.எல். எழுதுறாங்க, உங்க ஊரு பத்தாம் வகுப்புப் பரீட்சை மாதிரி. பள்ளிக்கூடம் விட்டதும் நான் போயி கணக்குப் பாடம் எடுப்பேன். ரெண்டு மாசமா நடந்துதான் போறேன். போய்ச் சேர்ந்தா பாடத்துக்கு அரை மணி நேரம்தான் மிச்சம் இருக்கு, அதுக்குள்ள இருட்டு வந்திருது." கணக்கில் தவறினால் என்ன ஆகும் என்று கேட்டேன். "மேல படிக்க முடியாது. கொழும்புக்குக் கடை வேலைக்குப் போவாங்க. போன பிள்ளைங்க திரும்பி வந்து படிச்சதா எனக்குத் தெரிஞ்சு இல்லீங்க."

வேறு வண்டி வாங்க முடியாதா என்ற கேள்வியை நான் கேட்டு முடிக்கவில்லை. அவர் சிரித்துவிட்டார். இங்கே வண்டி விற்கும் விலையில் எங்கள் ஊரில் வீட்டு மனை வாங்கலாம்.

அன்று எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. குடைந்தால் கடைசி. என் வார்த்தையை நம்பித்தான் இந்த மனிதர் அதற்குத் தலையாட்டியிருக்கிறார்.

மூன்றாம் நாள் போயா. பௌர்ணமிக்கு நாடே விடுமுறை. பள்ளிக்கூடம் இல்லை, ஃபேக்டரியும் ஓடவில்லை. கொட்டகையில் இருட்டு என்பதால் வண்டியை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து பிரிக்கலாம் என்று முடிவு செய்தோம். வேலை இல்லாத நாள் என்பதால் ரோஸ்லினும் அனுமதி கொடுத்தார். கொட்டகையிலிருந்து வீட்டுக்கு நூறு கஜம் செங்குத்தான ஏற்றம். சாமுவேல் ஓட்டினார், நான் பின்னாலிருந்து தள்ளினேன். இன்ஜின் கூரை அதிர உறுமியது, வண்டி மட்டும் நத்தையாக நகர்ந்தது. அந்த உறுமலைக் கேட்டதுமே என் காது விழித்திருக்க வேண்டும். நான்தான் மனதுக்குள் பிஸ்டனை மாட்டிக்கொண்டிருந்தேனே.

வாசலில் ரோஸ்லின் நின்றிருந்தார். வண்டி வந்து நின்றதும் முதல்முறையாக அதன் அருகே போனார். கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்தார். இன்னொரு தரம் குனிந்து, இடப்பக்கம் மூக்கைக் கொண்டுபோனார்.

"இது எண்ணெய் எரியுற வாசம் இல்லீங்களே" என்றார்.

"புகையைப் பாருங்கம்மா. எண்ணெய்தான்" என்றேன். முப்பது வருட வாத்தியார் குரல்.

"எண்ணெய் வாசம் அந்தப் பின்குழாய்கிட்ட இருக்கு. அது வேற. நான் சொல்றது இங்க, இந்தத் தகரத்துக்குள்ள. மரப்பட்டை கருகுற வாசம். ஈரப் பட்டையை அடுப்புல வச்சா வரும்ல, அது."

மோட்டார் சைக்கிளில் ஏது மரப்பட்டை என்று சிரிக்க வாயைத் திறந்தேன். திறந்த வாய் அப்படியே நின்றது. அந்தக் காலத்து ஆங்கிலேய வண்டிகளில் கிளட்ச் தட்டுகளில் வரிசையாக ஓட்டை போட்டு, அதில் கார்க்குத் துண்டுகளை அடித்திருப்பார்கள். பிடிமானம் தருவது அந்தக் கார்க்குதான். கார்க்கு என்பது ஒரு மரத்தின் பட்டை.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக விளங்கியது. இந்த வகை வண்டியில் கிக்கரின் உதை நேரே இன்ஜினுக்குப் போவதில்லை, கிளட்ச் வழியாகத்தான் போகிறது. கிளட்ச் வழுக்கினால் கிக்கரும் வழுக்கும். நாம் இன்ஜினில் அழுத்தம் இல்லை என்று நினைத்துக்கொள்வோம். நீலப் புகை? ஓர் இரவு நிறுத்தி வைத்தாலே பழைய வண்டியில் எண்ணெய் தானாகக் கீழே இறங்கித் தேங்கும். கிளப்பியதும் கொஞ்ச நேரம் புகையும். இதை நான் மாணவர்களுக்குப் பாடமாகவே நடத்தியிருக்கிறேன். எதையும் பிரிப்பதற்கு முன் சோதித்துப் பார் என்று எத்தனை பேரைத் திட்டியிருப்பேன்!

இடப்பக்கத் தகர மூடியைக் கழற்றினோம். கருப்பாக எண்ணெய் வழிந்தது, இப்போது என் மூக்குக்கே அந்தப் பட்டை வாசம் எட்டியது. கிளட்சைத் தொடாமல், இன்ஜின் அச்சின் நட்டில் நேராக ஸ்பேனரைப் போட்டுத் திருகினேன். கால்வாசி சுற்று இலகுவாக வந்தது. பிறகு சுவரில் முட்டியதுபோல நின்றது. பலமாக அழுத்தினேன். ஸ்பேனர் திருப்பி அடித்து என் விரல் முட்டியில் தோல் பெயர்ந்தது.

"அண்ணே, ரத்தம்!" என்றார் சாமுவேல்.

"இருக்கட்டும், நீங்க பிடிச்சுப் பாருங்க" என்றேன். அவரும் அழுத்தினார், அவரையும் அது தள்ளியது. எழுபது வயது இன்ஜின், அழுத்தம் கொஞ்சமும் குறையாமல், கட்டுமஸ்தான வாலிபனைப் போல எங்கள் இருவரையும் தள்ளிக்கொண்டு நின்றது. இதைத்தான் நாளை குடைந்து நாசமாக்க இருந்தோம். நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். லேத்காரருக்கு சாமுவேல் போன் போட்டு வரவில்லை என்று சொல்லிவிட்டார். பிஸ்டன் டப்பா பிரிக்காமலே அலமாரிக்குப் போனது.

கிளட்ச் தட்டுகளைக் கழற்றியபோது கார்க்குகள் வறுத்த கடலையாகச் சுருங்கிக் கறுத்திருந்தன. இறக்கத்தில் எப்படி ஓட்டுவீர்கள் என்று கேட்டேன். "இன்ஜினை நிறுத்திட்டு கிளட்சைப் பிடிச்சுக்கிட்டே வருவேங்க. கீழ வந்ததும் விட்டா ஸ்டார்ட் ஆயிரும்." நியூட்ரல் போடுவதில்லையா? "போட்டா திரும்ப ஸ்டார்ட் பண்ண மிதிக்கணுமேங்க." நாலு மைல் இறக்கம், தினமும், கிளட்சைப் பிடித்தபடி. இந்தப் பழைய கிளட்ச் எவ்வளவு பிடித்தாலும் முழுசாக விலகாது, தட்டுகள் உரசிக்கொண்டேதான் இருக்கும். பாவம், சபைக்குப் பெட்ரோலை மிச்சம் பிடிக்கப் போய் கார்க்கைக் கருக்கியிருக்கிறார்.

புதுக் கார்க்குக்கு எங்கே போவது? நல்ல கார்க்கு இருக்கும் இடம் ஒன்றே ஒன்று, வைன் போத்தலின் வாய். நான் சொன்னதும் சாமுவேல் முகம் வெளிறிவிட்டது. அவர் சபையில் பிரசங்கம் செய்கிறவர். மதுவுக்கு எதிராகத் தோட்டம் தோட்டமாகப் பேசியவர்.

"இன்னைக்குப் போயா" என்றார் ரோஸ்லின். "இலங்கையில எங்கேயும் சாராயம் விக்கமாட்டாங்க. பார் பூட்டித்தான் இருக்கும். நீங்க போறதுக்கு இதைவிட நல்ல நாள் வராது."

நுவரெலியாவில் வெள்ளைக்காரன் காலத்து ஹோட்டல் ஒன்றில் சாமுவேலின் பழைய மாணவர் வேலை பார்க்கிறார். "சேர், நீங்களா? பாருக்கா?" என்று வாசலிலேயே கேட்டுவிட்டார். சாமுவேலுக்குக் காது சிவந்துவிட்டது. விஷயம் தெரிந்ததும், அலங்காரத்துக்கு ஒரு பெரிய கண்ணாடி ஜாடியில் போட்டு வைத்திருந்த கார்க்குகளை ரொட்டி வாங்கிய பையில் கொட்டிக் கொடுத்தார். பஸ்ஸில் சாமுவேல் அந்தப் பையைக் குடைக்குள் மறைத்து வைத்துக்கொண்டு வந்தார். "போதகர் ஐயாகிட்ட என்ன சொல்றது?" கார்க்கு என்று சொல்லுங்கள், எந்தப் போத்தல் என்று அவர் கேட்கமாட்டார் என்றேன்.

பாதிக்குப் பாதி பிளாஸ்டிக் கார்க்கு. ரோஸ்லின் வாசலில் உட்கார்ந்து முகர்ந்து முகர்ந்தே பிரித்துப் போட்டார். நான் கத்தியால் வெட்டிச் சரிபார்த்தேன், ஒன்றுகூடத் தப்பவில்லை. மறுநாள் அவற்றை வெளியே கல் அடுப்பில், பழைய மண்ணெண்ணெய் டின்னில் வேகவைத்து இளக்கி, ஒவ்வோர் ஓட்டையிலும் அழுத்திப் புகுத்தினோம். மட்டமான பரப்பு வேண்டுமே என்று தேடி, கேரம் போர்டைக் கவிழ்த்து உப்புத்தாளை ஒட்டி, தட்டுகளை அதில் தேய்த்தோம். பிறகு ஒரு ராத்திரி முழுக்க எண்ணெயில் ஊறவிட்டோம்.

ஐந்தாம் நாள் காலையில் கிளட்சைக் கோத்துத் தகர மூடியைப் பூட்டினோம். ரோஸ்லின் வேலைக்குப் போய்விட்டார், வண்டிப் பக்கம் வரவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் சாமுவேல் வந்து கிக்கரில் கால் வைத்தார். கால் இறங்க மறுத்தது. எடை முழுவதையும் போட்டு மிதித்தார். ஒரே மிதி.

"ஏறிக்கிறீங்களா அண்ணே?"

வேண்டாம் என்றேன். புதுக் கார்க்குக்கு முதல் ஏற்றத்திலேயே இரண்டு ஆள் பாரம் அதிகம். அவர் மட்டும் கிளம்பினார். நான் கொழுந்து நிறுக்கிற மடுவத்தின் பக்கத்தில் நின்றுகொண்டேன். மேலே மலை முழுக்கப் பெண்கள் முதுகில் கூடையோடு வரிசை வரிசையாக நின்று கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள்.

வண்டி முதல் வளைவில் திரும்பியது. சத்தமும் வண்டியும் இப்போது ஒன்றாக ஏறின. இரண்டாவது வளைவு, மூன்றாவது. ஒவ்வொரு வரிசையாகப் பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பிறகு வண்டி முகிலுக்குள் போய்விட்டது, சத்தம் மட்டும் கேட்டது. சத்தத்தை வைத்து வளைவுகளை எண்ணிக்கொண்டே இருந்தேன். திடீரென்று சத்தம் நின்றது.

போச்சு என்று நினைத்தேன். எந்தக் கார்க்கு வழுக்கியதோ, எந்த வளைவில் அவர் வண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாரோ. பக்கத்து வரிசையில் இருந்த பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னங்க, சேரோட வண்டியா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் வாயைக் கையால் குவித்து மேலே பார்த்து ஒரு குரல் கொடுத்தாள். மேல்வரிசையில் ஒருத்தி அதை வாங்கி அதற்கும் மேலே அனுப்பினாள். கேள்வி ஒவ்வொரு குரலாக மலையேறி முகிலுக்குள் மறைந்தது. இப்படி ஒன்றை நான் கண்டதில்லை. நாலு மைல் தூரத்தைப் பெண்களின் தொண்டைகள் கடந்துகொண்டிருந்தன.

சில நிமிடங்களில் பதில் அதே வழியாக இறங்கி வந்தது. கடைசிக் குரல் எனக்கே கேட்டது.

"வண்டி மேல வந்திருச்சாம்! சேர் பாடம் ஆரம்பிச்சிட்டாங்களாம்!"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்கவில்லை. அந்தப் பெண் கொழுந்தை விட்டுவிட்டு, என்னைக் கேட்காமலே இன்னொரு குரல் கொடுத்தாள். "எம் மக செல்வி இருக்காளான்னு கேளு!" அதுவும் மேலே போயிற்று. நானும் அவளோடு மேலே பார்த்துக் காத்திருந்தேன்.

"போர்டுக்கிட்ட நிக்கிறாளாம்! கணக்குப் போடச் சொல்லியிருக்காங்களாம்!"

அவள் கூடைக் கயிற்றை நெற்றியில் சரிசெய்துகொண்டாள். இரண்டு கையையும் வாயருகே குவித்து, அத்தனை நேரம் கொடுத்ததைவிடப் பெரிய குரலில் மலையைப் பார்த்துக் கத்தினாள்:

"பார்த்துப் போடச் சொல்லு!"

அடுத்த வரிசை அதை வாங்கியது. அதற்கடுத்த வரிசையும். பார்த்துப் போடச் சொல்லு, பார்த்துப் போடச் சொல்லு என்று அது ஏறிக்கொண்டே போனது, என் காதுக்கு எட்டாத உயரம் வரைக்கும்.